ஆட்டத்தை நிறுத்திய இறுக்கம்: ஒரு மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஓட்டியவர் ஆத்தங்குடிக்காரர், வயது 31. வண்டி 125 சிசி, ஏழு வருடப் பழையது, ஏறக்குறைய 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முன்னால் டிரம் பிரேக், கம்பிச் சக்கரம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால் கொண்ட, குழாய்க்குள் குழாய் இறங்கி ஏறும் வழக்கமான டெலஸ்கோப்பிக் ஃபோர்க்.

அவருடைய தொழிலைச் சொல்லாமல் வண்டியைச் சொல்ல முடியாது. ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் தரைக்கற்களின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் காட்டி ஆர்டர் பிடிக்கிறார். சிமெண்டும் மணலும் சேர்ந்த கல். எட்டு அங்குலச் சதுரக் கல் ஒன்றே இரண்டு கிலோவை நெருங்கும். பன்னிரண்டு கற்களை வைக்கோல் வைத்து ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, சீட்டுக்குப் பின்னால் வெல்டிங் வைத்த கேரியரில் கயிற்றால் கட்டுவார். பெட்டியோடு எடை 26 கிலோ. வாரத்தில் ஐந்து நாட்கள் இந்தச் சுமையோடுதான் ஓட்டம்.

ஐப்பசி மழையில் ஒரு சிறுபாலத்துக்கு அருகே, தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. அவர் விழவில்லை. ரிம் நெளிந்துவிட்டது. வேறோர் இடத்தில் ரிம்மை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். எங்களிடம் அவர் வந்தது கார்த்திகையில்.

முதல் வருகை

புகார் தெளிவாக இருந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஹேண்டில் படபடவென்று ஆடுகிறது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் அடங்குகிறது.

முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஹேண்டில் தண்டில் ‘டொக்’ என்று ஓர் ஓசை. கோன் செட், அதாவது ஹேண்டில் தண்டு எளிதாகத் திரும்ப அதன் மேலும் கீழும் இருக்கும் குண்டுகளும் அவை உருளும் ரேஸ் என்ற வளையங்களும், தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அதைப் பிடித்திருக்கும் மேல் நட்டை அரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாக இறுக்கினேன். ஓசை போயிற்று. பெட்டியில்லாமல் ஊருக்குள் நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன், ஆட்டமில்லை. இருபது நிமிடத்தில் வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று நான் கேட்காத கேள்விகள் இரண்டு. வண்டி எங்கேனும் அடிபட்டதா? என்ன சுமை ஏற்றுகிறீர்கள்? அவர் பெட்டியை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இறுக்கியதால் என்ன நடந்தது

மேலே போகுமுன் அந்த நட்டு எதைப் பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பிந்தைய முடிவுகள் விளங்கா.

ஹேண்டில் தண்டு செங்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். சாலை வண்டிகளில் இந்தச் சாய்வு பெரும்பாலும் 24 முதல் 28 டிகிரிக்குள் வரும். ரேக் என்பது இதுதான். தண்டின் அச்சை ஒரு கோடாகக் கீழே நீட்டினால் அது தரையில் ஒரு புள்ளியில் முட்டும். டயர் தரையைத் தொடும் இடம் அந்தப் புள்ளிக்கு எட்டு முதல் பதினொரு சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். நாம் தள்ளும் திசைக்குச் சக்கரம் தானாகத் திரும்பிப் பின்னால் வருவது, அது தன் அச்சுக்குப் பின்னே தரையைத் தொடுவதால்தான்.

ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஹேண்டில் தண்டுக்கு நேர்கீழே இல்லாமல் சற்று முன்னால் தள்ளி நிற்கும். கால்களைக் கவ்வும் மேல் தட்டும் கீழ் தட்டும் அந்தத் தள்ளலைக் கொடுக்கின்றன. ஆஃப்செட் எனப்படும் இந்தத் தள்ளல் கூடினால் டிரெயில் குறையும், குறைந்தால் டிரெயில் கூடும். சாய்வு, தள்ளல், சக்கரத்தின் ஆரம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வடிவமைப்பவர் டிரெயிலைத் தீர்மானிக்கிறார். ஓடும்போதும் அது ஒரே அளவில் நிற்பதில்லை. பிரேக் பிடித்து ஃபோர்க் அமுங்கினால் சாய்வும் டிரெயிலும் குறையும்.

டிரெயில் மட்டுமே வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது சரியல்ல. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைச் சைக்கிளில் பொருத்தி, சக்கரம் சுழல்வதால் எழும் சுழல்விசையை ஈடுசெய்த பிறகும் அதை ஓட்ட முடிந்தது. 2011-இல் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், சுழல்விசையும் டிரெயிலின் உதவியும் இல்லாமலேயே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சைக்கிளைச் செய்து காட்டினார்கள். இரண்டிலும் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வண்டி சாயும் பக்கம் ஹேண்டில் தானாகத் திரும்ப வேண்டும். அது எந்தக் காரணத்தால் திரும்பினாலும் சரி, திரும்புவதற்குத் தடை இருக்கக் கூடாது.

நேராகப் போகும்போது ஹேண்டில் அசையாமல் நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது ஒரு டிகிரிக்கும் குறைவாக இடமும் வலமும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. கோன் செட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் இந்தச் சின்னத் திருத்தங்கள்தாம் முதலில் செத்துப்போகும். அதன்பின் ஓட்டுபவரே திருத்த வேண்டும். அவர் உணர்ந்து திருத்துவதற்குள் வண்டி தேவைக்கு மேல் சாய்ந்துவிடும். அவரும் தேவைக்கு மேல் திருப்புவார். வண்டி பாம்பு போல நெளிய ஆரம்பிக்கும்.

நான் செய்தது இதைத்தான். ஆட்டம் என்ற அறிகுறியை அடக்கினேன். கூடவே, வண்டி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டேன்.

இரண்டாம் வருகை

மூன்று வாரம் கழித்து, மார்கழித் தொடக்கத்தில், அவர் கட்டுப்போட்ட முழங்கையோடு வந்தார். திருமயம் போகும் சாலையில் எதிரே வந்த லாரியின் காற்று தள்ளியது. வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. திரும்பக் கொண்டுவர முடியவில்லை. தார் விளிம்பைத் தாண்டிச் செம்மண் சரளையில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. பெட்டியிலிருந்த கற்களில் எட்டு உடைந்துவிட்டன.

“ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது அண்ணே. ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போனால் வண்டி நேரே நிற்கமாட்டேன் என்கிறது. நான்தான் பழகவில்லை என்று இருந்துவிட்டேன்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் என்னை உறுத்துகிறது. வண்டி சொன்ன குறையை அவர் தன் குறையாக எடுத்துக்கொண்டார். சரிபார்த்துக் கொடுத்தவர் மேல் இருந்த நம்பிக்கையால் அப்படி நினைத்தார்.

முழுச் சோதனை

இந்த முறை எதையும் திருகுவதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு நாட்கள் பிடித்தன.

முதலில் இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். ஹேண்டிலை ஒற்றை விரலால் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நகர்த்தினேன். பாதி வழியில், சரியாக நேர்நிலையில், ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல அது நின்றது. நேர்நிலையிலிருந்து லேசாகத் தட்டினால் தன் எடையாலேயே ஒரு பக்கம் விழ வேண்டும். விழவில்லை.

கழற்றினோம். கீழ் ரேஸின் வட்டப் பாதையில், ஒவ்வொரு குண்டும் உட்கார்ந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம். துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நெல்மணி பதிந்த களிமண் போல வரிசையாகத் தெரிந்தன. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. முன்பக்கத்துப் பள்ளங்கள் ஆழமானவை. ஐப்பசிப் பள்ளத்தில் இறங்கிய அடி, அப்போது நேராக இருந்த குண்டுகளின் வழியாகவே ரேஸுக்குள் இறங்கியிருக்கிறது. ‘டொக்’ ஓசையும் முதல் ஆட்டமும் இதிலிருந்து தொடங்கியவை. பள்ளம் விழுந்த ரேஸை இறுக்கினால் தளர்ச்சி போகும். குண்டுகளோ அந்தப் பள்ளங்களுக்குள் இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொள்ளும்.

அடுத்து ஃபோர்க் கால்கள். பக்கத்து லேத் பட்டறையில் ‘வி’ வடிவக் கட்டைகள் மேல் குழாயைப் படுக்கவைத்து, வளைவை மில்லிமீட்டரில் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுழற்றினோம். பல பழுதுபார்ப்புக் கையேடுகள் 0.2 மில்லிமீட்டர் வரைதான் அனுமதிக்கின்றன. வலக்கால் 2.4 காட்டியது, இடக்கால் 1.1. இரண்டுமே கீழ் தட்டுக்குச் சற்றுக் கீழே வளைந்திருந்தன. நேருக்கு நேர் அடிபட்டால் வளைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வலக்காலின் ஆயில் சீல் கசிந்திருந்தது. இரண்டு கால்களிலிருந்தும் ஃபோர்க் ஆயிலைத் தனித்தனிக் குவளையில் வடித்தோம். வலது குவளையில் இடது குவளையின் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்கிறது. சிறு துளைகள் வழியே பிதுங்கும் ஆயில் அந்தத் துள்ளலை அடக்குகிறது. இப்படி ஆயில் அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-இல் பிஎம்டபிள்யூ விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் தெருவில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது அதன் வழிவந்ததுதான். ஒரு காலில் ஆயில் குறைந்தால் அந்தப் பக்கம் அடங்காமல் துள்ளும்.

கண்ணாடி

இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று பார்க்கத் தட்டையான கண்ணாடித் தகடு வேண்டும். எங்களிடம் இருந்தது சின்னது, ஓரம் உடைந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரர், “நான் கொண்டுவருகிறேன்” என்று கிளம்பிப் போனார்.

ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு மெருகேற்றி வருவதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு வார்க்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் கண்ணாடி கழன்றுகொள்ளும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். கண்ணாடி தட்டையாக இல்லாவிட்டால் கல்லும் தட்டையாக இராது. அப்படிப்பட்ட தகடு ஒன்றைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தார்.

மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் இடையே கால்களின் மேல் அதைச் சாய்த்து வைத்தோம். நான்கு முனையும் படிய வேண்டும். வலது மேல்முனை தூக்கி நின்றது. விரலால் அழுத்தினால் எதிர்முனை எழுந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி மறுபடி வைத்தோம், பாதி குறைந்தது. மீதி, வளைந்த குழாயால் வந்தது.

சேஸ் வளைந்திருக்கிறதா?

பணம் அதிகம் செலவாகக்கூடிய கேள்வி இது. வண்டியின் சட்டமான சேஸில், ஹேண்டில் தண்டைத் தாங்கும் தலைக்குழாய் பின்னால் மடங்கியிருந்தால் ரேக்கும் டிரெயிலும் குறைந்திருக்கும்; கால்கள் மட்டும் பின்னால் வளைந்திருந்தால் தள்ளல் குறைந்து டிரெயில் கூடியிருக்கும். அடிபட்ட வண்டியில் டிரெயில் குறைந்துதான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எது வளைந்தது என்பதைப் பொறுத்தது அது.

கொத்தனாரின் தூக்குக் குண்டும் நேரான சட்டமும் கொண்டு, கழற்றுவதற்கு முன்பே டிரெயிலை அளந்து வைத்திருந்தோம்: 99 மில்லிமீட்டர். அடிபடாத அதே மாதிரி வண்டி ஒன்றில் 95. எங்கள் அளவை முறையிலேயே இரண்டு மில்லிமீட்டர் பிழை வரலாம். ஆகவே இந்த நான்கு மில்லிமீட்டர்தான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டிரெயில் குறையவில்லை என்பது உறுதியாயிற்று. தலைக்குழாயைச் சுற்றிப் பெயிண்ட் வெடிப்போ சுருக்கமோ இல்லை. கயிறு கட்டிப் பார்த்ததில் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் வந்தன. சேஸைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

சுமை

ஆட்டத்தின் இன்னொரு காரணம் பின்னால் இருந்தது. புதுவயலில் தெரிந்தவர் அரிசி மண்டியின் மேடைத் தராசில் முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி, பின்சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை கொடுத்து, வண்டிக்காரரை உட்காரவைத்து எடைபோட்டோம். பெட்டியில்லாமல் முன்சக்கரத்தில் 74 கிலோ; பெட்டியோடு 69. பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கும் ஒரு சாணுக்கு மேல் பின்னால் இருந்ததால், 26 கிலோவை ஏற்றியதும் முன்பக்கம் ஐந்து கிலோ இலேசாயிற்று.

ஐந்து கிலோதானே என்று தோன்றலாம். பெட்டி உயரத்தில், வண்டியின் நடுவிலிருந்து தொலைவில் இருந்தது. கேரியரும் கையால் அசைத்தால் அசைந்தது. முன்சக்கரம் வினாடிக்கு நான்கு முதல் பத்து முறை இப்படி அப்படி ஆடும் வகை ஆட்டம், பின்னால் இத்தகைய சுமை இருக்கும்போது எளிதில் தூண்டப்படும். வேகம் குறைந்து ஐம்பது, அறுபதைக் கடக்கும்போது தலைகாட்டும். அதைத் தணிக்க வேண்டிய முன்பக்கத்தில் ரேஸ் குழிந்திருந்தது. முன் டயரில் 25 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 18 இருந்தது. ரிம் சுழலும்போது பக்கவாட்டில் மூன்று மில்லிமீட்டர் விலகி ஓடியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழாய்களைப் பிரஸ்ஸில் நேராக்கலாம் என்று லேத் பட்டறைப் பெரியவர் சொன்னார். மலிவு, எங்கும் நடப்பது. ஆனால் 2.4 அளவுக்கு வளைந்ததை நேராக்கும்போது குரோம் பூச்சில் மயிரிழை விரிசல் விழும், துரு ஏறும், அது சீலைக் கிழிக்கும். ஒருமுறை வளைந்த இடம் அடுத்த அடியில் முன்னைவிடச் சீக்கிரம் வளையும். இரண்டு குழாய்களையும் புதிதாகப் போடச் சொன்னேன். முதல் வருகையில் தவறியது நான் என்பதால் கூலி வாங்கவில்லை. பொருட்களின் விலையை அவர் இரண்டு தவணையில் கொடுத்தார்.

கோன் செட்டில் குண்டுகளுக்குப் பதில், ஒரு முனை சிறுத்த உருளைகளான டேப்பர் ரோலர் போடலாமா என்றும் யோசித்தோம். சுமையை அது நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த வண்டிக்கென்று அளவு சரியாக வரும் ரோலர் கையில் கிடைக்கவில்லை. ரோலரை இறுக்குவதில் தவறினாலும் இதே நெளிசல்தான் வரும். பழைய வகையிலேயே புதிய ரேஸும் குண்டுகளும் போட்டோம். நட்டை முதலில் நன்றாக உட்காரும்படி இறுக்கி, சிலமுறை இருபுறமும் திருப்பி, பிறகு தளர்த்தி, ஆட்டம் இல்லாமல் ஆனால் ஹேண்டில் தானாக விழும் இடத்தில் நிறுத்தினோம். ஹேண்டில் முனையில் தொங்கு தராசைக் கட்டி இழுத்து அந்த அளவைக் குறித்துவைத்தோம்.

ஃபோர்க்கைப் பொருத்துவதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அச்சாணியை இறுக்கி, ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கி எழுப்பி, கால்கள் தங்கள் இடத்தைத் தாமே கண்டுகொண்டபின் தட்டுகளின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முறுக்கு உள்ளேயே தங்கிவிடும். கண்ணாடியை மறுபடி வைத்தோம். நான்கு முனையும் படிந்தன.

பெட்டி விஷயத்தில் அவர் எளிதில் இசையவில்லை. கற்களைப் பிரித்தால் உராயும், வாடிக்கையாளர் முன் ஒரே வரிசையாகப் பரப்ப முடியாது என்றார். நியாயமான கவலை. கடைசியில் பின் அச்சுக்கு முன்னால் வரும்படி, இரு பக்கமும் தாழத் தொங்கும் மரக்கூடுகள் செய்தோம். ஒரு பக்கம் நான்கு கல், கல்லுக்குக் கல் சணல் துணி. பெட்டியைத் தாங்கிய கேரியரை வெட்டி எடுத்துவிட்டோம்.

பிறகு

விடியற்காலையில் தேவகோட்டைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் சுமையில்லாமல், பிறகு எட்டுக் கல்லோடு. இரண்டு கையும் ஹேண்டிலில் இலேசாகவே இருந்தன. கையை விட்டுச் சோதிப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. எழுபது வரை ஆட்டமில்லை. தார் பெயர்ந்த ஓரிடத்தில் ஹேண்டில் ஒருமுறை சிலிர்த்துத் தானாக அடங்கியது. மெதுவாகப் போகையில் நெளிசல் முற்றிலும் போயிருந்தது.

500 கிலோமீட்டரில் வரச் சொல்லியிருந்தோம்; வந்தார். புதிய ரேஸ் படிந்ததில் சிறிது தளர்ச்சி. நட்டை மிகக் கொஞ்சம் இறுக்கி, தராசில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம்.

பங்குனியில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். அவசரமாகக் கேட்ட ஒரு வீட்டுக்குப் பதினாறு கற்களைச் சாக்கில் கட்டிச் சீட்டின் பின்கோடியில் வைத்து ஓட்டியிருக்கிறார். ஐம்பத்தைந்தில் பழைய படபடப்பு தலைகாட்டியதும் நிறுத்தி, பாதியை இறக்கி ஒரு டீக்கடையில் வைத்துவிட்டு, இரண்டு நடையாகப் போயிருக்கிறார். முன்பக்கத்தைச் சரிசெய்ததோடு ஆட்டம் தீர்ந்துவிடவில்லை, சுமையும் சமபங்கு என்பதை அது காட்டியது.

இனி மாற்றிக்கொள்வது

முன்சக்கரத்தைத் தூக்கி, ஒற்றை விரலால் ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்காமல் எங்கள் பட்டறையில் கோன் நட்டை யாரும் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். நேர்நிலையில் சிக்கினால் இறுக்குவதில்லை, கழற்றுகிறோம். ரிம் மாற்றிய வண்டி என்று தெரிந்தால் கால்களைக் கண்ணாடியில் பார்க்கிறோம், ஏனென்றால் ரிம்மை நெளித்த அடி ரிம்மோடு நின்றிருக்க வாய்ப்பில்லை. சோதனை ஓட்டத்துக்கு, அவர்கள் தினமும் ஏற்றும் சுமையோடு வரச் சொல்கிறோம். பால்கேன், பலகாரத் தகரம், காய்கறி மூட்டை எதுவானாலும் சரி.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் கூடுதலாகிறது. திங்கட்கிழமைச் சந்தை நாளில் வாசலில் பத்து வண்டி நிற்கும்போது இது கடினம்தான். அன்றைக்கு வரும் ஹேண்டில் புகார்களை மட்டும் மறுநாள் காலைக்கு மாற்றிவிடுகிறோம். மெதுவாக ஓட்டி வரும்படி சொல்லி அனுப்புகிறோம். ஆத்தங்குடிக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது துணி சுற்றியபடி கருவிப் பலகையின் மேல் தட்டில் இருக்கிறது.